எபூபாவில் குளிக்க முடியாது. டிசம்பரில் போகவும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் நமீபியாவின் எபூபா அருவியைப் பற்றி வந்த குறிப்பை வாசித்தோம். நமீபியா என்றால் 2022 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு வந்து சேர்ந்த எட்டு சிவிங்கிப்புலிகள்தான் நம்மூரில் பலருக்கும் நினைவுக்கு வரும். அங்கே பார்க்க வேண்டிய அருவி ஒன்றும் இருக்கிறது என்று எழுதியது நல்ல காரியம். ஆனால் அந்தக் குறிப்பை அப்படியே நம்பி டிக்கெட் எடுத்தால் பணமும் வீண், உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. அரையாண்டு விடுமுறையில் டிசம்பர் கடைசியில் போகலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து ஒரே நாளில் காரில் போய்ச் சேரலாம் என்றும், குற்றாலம்போல ஆசைதீரக் குளிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் சரியில்லை. கடைசியில் சொன்னதுதான் பெரிய தவறு என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் அருவி என்றால் துண்டும் எண்ணெயும்தான். பார்த்துவிட்டு மட்டும் திரும்பினால் வீட்டில் சிரிப்பார்கள். எபூபாவில் பார்த்துவிட்டு மட்டும்தான் திரும்ப வேண்டும். எபூபா இருக்கும் குனேனே ஆறு முழுக்க நைல் முதலைகள் இருக்கின்றன. அருவிக்கு மேலே ஆறு அகன்று பரவும் இடத்திலும் இருக்கின்றன, கீழே பள்ளத்தாக்கின் மடுக்களிலும் இருக்கின்றன. பாறைக் குழிகளில் உள்ளூர் ஆட்கள் குளிப்பதையும் துணி துவைப்பதையும் பார்த்துவிட்டு ‘அவர்களே இறங்கும்போது நமக்கென்ன’ என்று இறங்குவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. எந்தக் குழி ஆற்றோடு சேர்ந்திருக்கிறது, நீர் ஏறினால் எது சேரும் என்பது அவர்களுக்குத் தெரியும், வெளியாளுக்குத் தெரியாது. குடத்தில் தண்ணீர் மொள்ளக்கூட விளிம்பில் குந்தி உட்காரக் கூடாது. முதலை எடுப்பது பெரும்பாலும் அப்படிக் குனிந்திருப்பவரைத்தான். ஆற்றங்கரை முகாம்களில் குழாய்த் தண்ணீர் உண்டு, அங்கே குளித்துக்கொள்ளலாம்.

நீர்மட்டத்தை நம்பவும் முடியாது. நம் பழைய குற்றாலத்தில் 2024 மே மாதம் வந்த காட்டாற்று வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மலையில் பெய்த மழை நிமிடக் கணக்கில் கீழே வந்து ஒரு பையனைக் கொண்டுபோய்விட்டது. குனேனேயில் வெள்ளம் அப்படிப் பாய்ந்து வராது, ஆனால் எபூபாவுக்கு மேலே ருவாகானாவில் நீர்மின் நிலையம் இருக்கிறது. மின்சாரத் தேவைக்கு ஏற்ப அங்கே திறக்கிற தண்ணீர் கூடிக் குறைய, கீழேயும் மட்டம் ஏறி இறங்கும். காலையில் கல்லுக்குக் கல் தாவிப் போன பாறைத்திட்டிலிருந்து மாலையில் அதே வழியாகத் திரும்ப முடியாமல் போகலாம். வானம் தெளிவாக இருக்கிறதே என்று அங்கே கணக்குப் போடக் கூடாது.

இதையெல்லாம் படித்தால் ஏன் போக வேண்டும் என்று தோன்றும். போக வேண்டிய இடம்தான். எபூபா ஒரே அருவி இல்லை. வறண்ட மலைகளுக்கு நடுவே ஆறு ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து, பல கால்களாகப் பிரிந்து, பனைகள் நிற்கும் திட்டுகளைச் சுற்றி வந்து, ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு அங்கங்கே விழுந்துகொண்டே போகிறது. அதில் பெரிய வீழ்ச்சி ஒடுங்கிய பாறைப் பிளவுக்குள் இறங்குகிறது, ஏறத்தாழ 37 மீட்டர் உயரம். அதிரப்பள்ளியைவிட ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். எபூபா என்ற ஹெரேரோ மொழிச் சொல்லுக்கே நீர் விழும்போது எழும் நுரை என்று பொருள் சொல்கிறார்கள். பாறை ஏறத்தாழ 180 கோடி ஆண்டு வயதுடையது. அந்த வழுக்குப் பாறையின் இடுக்கில் வேரைச் செருகிக்கொண்டு ஆனைப்புளி மரங்கள் அருவிக்கு மேலே சாய்ந்து நிற்கின்றன. தென்மாவட்டங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் அதே ஆனைப்புளிதான். மே வரை இலை இருக்கும், ஜூலை வாக்கில் மொட்டை.

தெற்குக் கரையில், ஊரிலிருந்து பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டி ஆற்றின் போக்கிலேயே நடந்தால் அருவிகள் ஒவ்வொன்றாகத் தெரியும். கைப்பிடிக் கம்பி எதுவும் கிடையாது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். சாரல் படும் பாறையில் செருப்பு வழுக்கும், ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ வேண்டும். ஆறு மேற்கு நோக்கி ஓடுவதால் அருவியின் முகமும் மேற்கே பார்க்கிறது. காலையில் கீழ்ப்புறம் நின்று பார்த்தால் வெயில் கண்ணுக்கு நேராக அடிக்கும். மாலை நாலரைக்கு மேல் வெயில் நம் முதுகுப் பக்கம் வந்து அருவி மேல் விழும். சாரலில் வானவில் தெரிவதும் அப்போதுதான். நமீபியாவுக்கு நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கிய நேரம். ஆனால் எபூபா நாட்டின் மேற்குக் கோடியில் இருப்பதால் மே மாதத்தில் சூரியன் எழவே ஏழு மணி தாண்டிவிடும், விழ ஆறரை தாண்டும். ஐந்து மணிக்கே எழுந்து கேமராவோடு இருட்டில் விளிம்பில் நிற்க வேண்டாம். ஊருக்குத் தெற்கே உள்ள குன்றில் ஏறினால் ஆறு, திட்டுகள், பள்ளத்தாக்கு எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும்; அதற்கும் மாலைதான் சரி.

இனி மாதம். குற்றாலத்துக்குத் தண்ணீர் தருகிற மலை நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. ஜூனில் சாரல் விழுந்தால் ஜூனிலேயே அருவி கொட்டும். எபூபாவில் மழைக்கும் அருவிக்கும் அப்படி நேரடித் தொடர்பு இல்லை. ஊரே அரைப் பாலைவனம். தண்ணீர் வருவது வடக்கே, ஆங்கோலாவின் நடுமேட்டு நிலத்தில் பெய்யும் மழையிலிருந்து. ஆறு ஆயிரம் கிலோமீட்டருக்குமேல் நீளம். ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீர்ப்பிடிப்பு, அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் முக்கால் பங்குக்கு மேல். அங்கே நவம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை மழை. அது நிலத்தில் ஊறி, சமவெளியில் பரந்து, அணைகளைத் தாண்டி எபூபாவுக்கு வந்து சேரப் பல வாரம் ஆகும். அதனால் ஆறு நிறைந்து ஓடுவது மார்ச் முதல் மே வரை. செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரை மிகவும் மெலிந்திருக்கும்.

டிசம்பர் ஏன் கூடாது என்பது இப்போது விளங்கும். மேலே மழை தொடங்கியிருக்கும், அருவிக்குப் பெருக்கு வந்திருக்காது. வெயில் 40 டிகிரியைத் தொடும். உள்ளூரில் திடீர்த் திடீரென இடிமழை விழுந்து மண்சாலையில் தரைப்பாலங்களை வெள்ளம் மூடும். அருவி மெலிவு, வெயில் உச்சம், பாதை மோசம் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து சேரும். ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் கூடும், ஆனால் சாலையும் மலேரியாவும் இன்னும் மோசமாகும்.

நம் கோடை விடுமுறை அப்படியில்லை. மலைக்கு அப்பால் கேரளத்தில் ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஏப்ரல் முழுக்க விடுமுறை. இந்தப் பக்கம் பள்ளி முடிய ஏப்ரல் கடைசி ஆகிவிடும். எந்தப் பக்கத்துப் பள்ளியானாலும் மே மாதம் பொதுவாகக் கிடைக்கும். அப்போது அருவியில் தண்ணீர் நன்றாக இருக்கும், மழை ஓய்ந்து பாதை காய்ந்திருக்கும், பகல் வெயில் தாங்கக்கூடியதாக இருக்கும், இரவில் போர்வை வேண்டியிருக்கும். இப்படி ஒத்துப்போகிற வாய்ப்பை விட்டுவிட்டு டிசம்பரைச் சொன்னதுதான் வருத்தம். ‘அருவி என்றால் ஜூலை, ஆகஸ்ட்’ என்ற நம்மூர்ப் பழக்கத்தில் போகிறவர்களுக்கும் ஏமாற்றம் இருக்காது. ஆறு வற்றாத ஆறு, அருவி நின்றுபோவதில்லை. சாரலும் இரைச்சலும் மட்டும் குறைவாக இருக்கும்.

பெயரைப் பார்த்து ருவாகானா அருவிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 120 மீட்டர் உயரம், எபூபாவைவிடப் பிரமாண்டம் என்று படங்களில் இருக்கும். 1970களின் கடைசியில் அங்கே நிலத்தடி மின்நிலையம் வந்த பிறகு ஆற்று நீரெல்லாம் சுரங்கம் வழியாக டர்பைனுக்குப் போய்விடுகிறது. பெருவெள்ளம் வந்து மிஞ்சினால்தான் அருவியில் விழும். மற்ற நாட்களில் மொட்டைப் பாறைதான். மேலே மின்நிலையம் இருக்கும் அருவியின் பாடு அதிரப்பள்ளிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், பெரிங்கல்குத்து அணை திறப்பதைப் பொறுத்துத்தான் அங்கே தண்ணீர். எபூபாவுக்கும் 1990களில் அணைத் திட்டம் வந்தது. அந்த வட்டாரத்தில் மாடு மேய்த்து வாழும் ஹிம்பா மக்களின் மேய்ச்சல் நிலமும் மூதாதையர் கல்லறைகளும் நீரில் மூழ்கும் என்று அவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பிறகு பேச்சு கீழே பெய்ன்ஸ் மலைப் பள்ளத்தாக்கில் அணை கட்டுவதற்கு நகர்ந்தது. அதனால்தான் எபூபா இன்றும் அருவியாக இருக்கிறது.

பாதைக்கு வருவோம். விண்ட்ஹூக்கிலிருந்து எபூபா ஏறத்தாழ 900 கிலோமீட்டர். இதை ஒரு நாளில் ஓட்டலாம் என்று எழுதியவர் கன்னியாகுமரியிலிருந்து சென்னை போகும் நாலுவழிச் சாலையை மனதில் வைத்து எழுதியிருக்க வேண்டும். விமான நிலையமே நகரத்திலிருந்து 40 கிலோமீட்டருக்குமேல் கிழக்கே இருக்கிறது. இறங்கிய அன்று தூங்குங்கள். இரவெல்லாம் விமானத்தில் விழித்துவிட்டு நேரே ஸ்டியரிங்கைப் பிடிப்பவர்களே முதல் நாளில் விபத்துக்குள்ளாகிறார்கள். மறுநாள் ஒச்சிவரோங்கோ, ஔட்ஜோ வழியாகக் கமன்யாப், ஏறத்தாழ 470 கிலோமீட்டர், நல்ல தார்ச்சாலை. மூன்றாம் நாள் கமன்யாபிலிருந்து ஓபுவோ, 250 கிலோமீட்டர், இதுவும் தார். மாலையில் சாமான் வாங்கிக்கொண்டு ஓபுவோவில் தங்கல். நான்காம் நாள் காலையில் புறப்பட்டு சி43 என்னும் சரளைச் சாலையில் ஒகொங்வாட்டி வழியாக எபூபா, 180 கிலோமீட்டர். நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு இரவாவது இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் வந்ததற்கு அர்த்தம் இல்லை. அதே வழியில் திரும்பினால் விண்ட்ஹூக்கில் இறங்கியது முதல் விமானம் ஏறுவது வரை எட்டு ஒன்பது நாள். ருவாகானாவிலிருந்து ஆற்றை ஒட்டியே எபூபா வரும் டி3700 சாலை வரைபடத்தில் குறுக்குவழி மாதிரி தெரியும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியும், கரட்டுப் பாதையில் ஓட்டிப் பழகிய கையும் இல்லாதவர்கள் அதில் இறங்க வேண்டாம்.

அங்கேயும் நம்மைப்போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம். இது நமக்குப் பெரிய வசதி. சர்வதேச ஓட்டுநர் அனுமதியை நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எடுத்துக்கொள்ளலாம், ஓராண்டு செல்லும். அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். வண்டி தரையிலிருந்து உயரமாக இருக்க வேண்டும், டபுள் கேப் பிக்கப் நல்லது. ஸ்டெப்னி இரண்டு கேளுங்கள். ஒன்றுதான் தருவோம் என்றால் வேறு இடம் பாருங்கள். ஒரு சக்கரம் போய் ஸ்டெப்னியை மாட்டிய பிறகு அடுத்த பஞ்சர் கடைவரை ஒவ்வொரு கல்லும் வயிற்றைக் கலக்கும்.

சரளையில் வண்டி ஏன் கவிழ்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உருண்டைக் கற்கள் மேல் டயர் உருளுகிறது, தார்ச்சாலையில்போலப் பிடிப்பு இல்லை. சட்டத்தில் 100 கிலோமீட்டர் வேகம் அனுமதி இருந்தாலும் 60, 70க்கு மேல் போக வேண்டாம். வளைவிலோ, எதிரே ஆடு வந்ததென்றோ திடீரென பிரேக் போட்டால் பின்பக்கம் வழுக்கி விலகும். பதறி ஸ்டியரிங்கை வெட்டினால் உயரமான வண்டி உருண்டுவிடும். ஆக்சிலேட்டரை மெல்ல விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டால் தானாகப் பிடிப்பு வரும். தார்ச்சாலை முடிந்து சரளை தொடங்குமிடத்தில் நிறுத்தி டயர்க் காற்றை 26 முதல் 29 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள். டயர் தரையில் நன்றாகப் படியும், கூரிய கல் குத்துவது குறையும், ஏர் உழுத சால்போலக் கிடக்கும் சாலையில் குலுக்கலும் குறையும். திரும்பித் தாரில் ஏறும்போது மறுபடி ஏற்ற வேண்டும். மறந்து அப்படியே 110இல் ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். எனவே காற்றடிக்கும் சிறு பம்பும் கேஜும் வண்டியில் இருக்கின்றனவா என்று எடுக்கும்போதே பாருங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு மரப்பலகையும் வேண்டும். சரளையில் ஜாக்கி புதைந்துபோய், வண்டி ஏறாமல் நிற்பது சாதாரணமாக நடப்பது.

சி43இல் வறண்ட ஓடைகள் பல குறுக்கிடும். தண்ணீர் ஓடினால் இறங்கி நடந்து பாருங்கள். முழங்காலுக்குக் கீழே, தரை தெரிகிற அளவு தெளிவாக இருந்தால் போகலாம். கலங்கலாக வேகமாக ஓடினால் சில மணி நேரம் காத்திருங்கள், வந்த வேகத்திலேயே வடிந்துவிடும். வாடகை ஒப்பந்தத்தின் காப்பீட்டில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், தண்ணீரில் இறக்கிய சேதம், வேறு வண்டி மோதாமல் தானாகக் கவிழ்ந்தது ஆகியவை பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். எதிரே வரும் வண்டி எறியும் கல்லில் கண்ணாடி விரிவது தினமும் நடக்கும் விஷயம், அதற்குத் தனியாகப் பணம் கட்டிக்கொள்வது நல்லது. இருட்டிய பின் ஓட்டவே வேண்டாம். மாடும் கழுதையும் சாலையிலேயே படுத்திருக்கும்.

டீசலை ஓபுவோவில் முழுக்க நிரப்புங்கள். எபூபாவுக்குப் போய்வர 360, அங்கே சுற்ற 40 என்று 400 கிலோமீட்டர். சரளையில் லிட்டருக்கு எட்டு ஒன்பது கிலோமீட்டர்தான் கிடைக்கும் என்று வைத்தால் 50 லிட்டர் போதும். 80 லிட்டர் டேங்க் தாங்கும். எபூபாவில் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. பணமும் அப்படித்தான், ஓபுவோ ஏ.டி.எம்.மில் எடுத்துக்கொள்ளுங்கள். நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒன்றுக்கொன்று சமம், இரண்டும் செல்லும். ஆனால் மிச்சமான நமீபிய டாலரை வெளிநாட்டில் மாற்றுவது கஷ்டம், புறப்படுமுன் செலவழித்துவிடுங்கள். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர், அதுபோக வண்டியில் 20 லிட்டர் தனியாக. அரிசி, பருப்பு, எண்ணெயை விண்ட்ஹூக்கிலேயே வாங்கிவிடலாம். ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் மட்டும் வீட்டிலிருந்து.

வழியில் கால்நடை நோய்த் தடுப்பு வேலி ஒன்று நாட்டைக் குறுக்கே வெட்டிப் போகிறது, சிவப்புக் கோடு என்பார்கள். கோமாரி தெற்கே பரவாமல் இருக்கப் போட்டது. வடக்கிலிருந்து திரும்பும்போது பச்சை இறைச்சி இருந்தால் வாங்கிவைத்துவிடுவார்கள். பறவைக் காய்ச்சல் காலத்தில் கேரள எல்லையில் உள்ள புளியரைச் சாவடியில் வண்டிக்கு மருந்தடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

புளியரையைத் தாண்டி ஆரியங்காவுக்குப் போகிற மாதிரி ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போய்வரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அக்கரை ஆங்கோலா. 1886இல் ஜெர்மனியும் போர்ச்சுகலும் வரைபடத்தில் போட்ட கோடு அந்த ஆற்றின் வழியே போகிறது. இரு கரையிலும் ஹிம்பா மக்களே இருக்கிறார்கள், அவர்களுக்குச் சொந்தபந்தம் இரு பக்கமும் உண்டு. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த செங்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நமக்கு அது வேற்று நாடு. இன்னொன்று, ஆங்கோலா மஞ்சள் காய்ச்சல் நாடு. அங்கே கால்வைத்து ஆறு நாளுக்குள் தடுப்பூசிச் சான்று இல்லாமல் இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்துவார்கள்.

இந்த மஞ்சள் காய்ச்சல் விஷயத்தில் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். நமீபியாவுக்கு அந்த ஊசி நேரடியாகத் தேவையில்லை. ஆனால் இங்கிருந்து போகிற மலிவான டிக்கெட்டுகள் பல அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போகும், எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் உள்ளவை. 12 மணி நேரத்துக்கு மேல் அங்கே காத்திருந்தாலோ, விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தாலோ சான்று கேட்பார்கள். ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாகவே போட்டிருக்க வேண்டும், அதன்பின் ஆயுளுக்கும் செல்லும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது, நம் வட்டாரத்துக்குத் தூத்துக்குடி, கொச்சித் துறைமுகங்கள் பக்கம். நாளும் நேரமும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போக வேண்டும். ஜொஹானஸ்பர்க் வழியாகப் போனால் இந்தத் தொல்லை இல்லை. விசா விதிகளை டெல்லியில் உள்ள நமீபிய ஹை கமிஷனில் டிக்கெட் எடுக்குமுன் கேளுங்கள், நண்பர் போன ஆண்டு போனதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

மலேரியாதான் முக்கியம். குனேனே கரையில் இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை, மூளையைத் தாக்கி ஆளை முடித்துவிடக் கூடியது. மே மாதத்திலும் அதன் அபாயம் தீர்ந்திருக்காது. நம்மூரில் பழக்கமான குளோரோகுயின் அங்கே பலிக்காது. டாக்ஸிசைக்ளின் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பிய பின்னும் நான்கு வாரம் தினமும் சாப்பிட வேண்டும். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது ஆகாது, வெயிலில் தோலும் எரியும். அடோவாகோன்-புரோகுவானில் என்றால் திரும்பிய பின் ஏழு நாள் போதும், விலை கூடுதல். எது ஒத்துவரும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஊர் வந்ததும் ‘ஒன்றும் இல்லையே’ என்று மாத்திரையை நிறுத்துவதுதான் பெரும்பாலோர் செய்கிற தவறு. அந்தி முதல் விடியும்வரை முழுக்கைச் சட்டை போடுங்கள், மருந்தில் தோய்த்த கொசுவலைக்குள் தூங்குங்கள். திரும்பிய மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக ‘ஆப்பிரிக்கா போய்வந்தேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்’ என்று சொல்லுங்கள். ஜூன், ஜூலையில் இந்த மலையடிவாரத்தில் காய்ச்சல் என்று போனால் டெங்குவும் எலிக்காய்ச்சலும்தான் முதலில் நினைவுக்கு வரும். நாமாகச் சொல்லாவிட்டால் இரண்டு நாள் வீணாகும், ஃபால்சிபாரத்துக்கு இரண்டு நாள் அதிகம்.

ஹிம்பா ஊர்களுக்குப் போகிறவர்கள் அவர்கள் மொழி தெரிந்த உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம். வீட்டுத் தலைவரின் குடிசைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் நடுவே ஒகுருவோ என்னும் புனித நெருப்பு இருக்கும். மூதாதையரோடு பேசுகிற இடம் அது. குடிசைக்கும் நெருப்புக்கும் இடையே வெளியாள் நடக்கக் கூடாது. நெருப்பு அணைந்து சாம்பல் மட்டும் இருந்தாலும் அப்படித்தான், நாம் சாமிக்கு முன்னால் குறுக்கே நடப்போமா? பெண்கள் வெண்ணெய்க் கொழுப்பில் செம்மண் குழைத்துப் பூசிக்கொள்வதைப் பார்த்ததும் போனைத் தூக்காதீர்கள். ‘மொரோ’ என்று வணக்கம் சொல்லி, ‘பெரிவி?’ என்று நலம் கேட்டு, ‘பெரிநாவா’ என்று பதில் வந்த பிறகு வழிகாட்டி மூலம் அனுமதி கேளுங்கள். கொண்டுபோவதானால் மக்காச்சோள மாவு, சர்க்கரை, தேயிலை. பிள்ளைகளுக்கு மிட்டாயை வீசுவதும், யாருக்கும் மது கொடுப்பதும் வேண்டாம்.

ஆற்றங்கரையில் கூட்டமாக நிற்கும் மக்கலானிப் பனை நம் பனையின் பங்காளி. அதே விசிறி ஓலை. கொட்டை யானைத் தந்தம்போல வெள்ளையாக, இறுக்கமாக இருக்கும். அதில் விலங்குகளைச் செதுக்கிச் சாவிக்கொத்தாக விற்கிறார்கள், வாங்கிவர நல்ல பொருள். இந்தப் பனையிலும் கள் உண்டு. ஆனால் குருத்தை வெட்டித்தான் சாறு எடுக்கிறார்கள், அதோடு மரம் செத்துப்போகும். பாளையைச் சீவியே ஆண்டுக்கணக்கில் பதநீர் இறக்கும் நம் பனையேறியின் கைவேலை எவ்வளவு பெரியது என்று அங்கே போனால்தான் தெரிகிறது. பறவை பார்க்கிறவர்கள் இந்தப் பனைகளில்தான் செம்பழுப்பு வால் கொண்ட பனைப் பாடும்பறவையைத் தேடுகிறார்கள், நமீபியாவில் அது குனேனே ஓரத்தை விட்டு எங்கும் போவதில்லை.

மின்சாரம் பற்றியும் கேட்பார்கள். அங்கும் 220 வோல்ட். சுவர்த் துளை நம் 15 ஆம்பியர் பெரிய மூன்றுமுள் பிளக்குக்குப் பொருந்துகிற உருண்டைத் துளை. விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கில் கொடுத்து அடாப்டர் வாங்காமல், ஊர் எலக்ட்ரிகல் கடையில் 15க்கு 5 கன்வெர்ஷன் பிளக் இரண்டு வாங்கிக்கொண்டால் போதும்.

மே மாதத்துக்கு எபூபாவில் தங்க இடமும், விண்ட்ஹூக்கில் நல்ல வண்டியும் வேண்டுமானால் ஜனவரிக்குள் சொல்லி வைக்க வேண்டும். டிசம்பர் என்று படித்த வாசகர்கள் இப்போதே விசாரிக்கத் தொடங்கியிருப்பார்கள். மாதத்தையும் குளியலையும் பற்றிய திருத்தத்தையாவது அதே சுற்றுலாப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வெளிநாட்டுப் பயண ஏற்பாடு செய்யும் வாசகர்கள் சிலர்,
செங்கோட்டை.